14 அறை லாட்ஜும் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும்

மார்கழி மாதம் ஒன்றிலேயே எங்கள் லாட்ஜில் ஐந்து அறைகளில் திரைச்சீலைக் கம்பி சுவரோடு பெயர்ந்து வந்தது. ஒவ்வொரு முறையும் நானே டிரில் எடுத்துத் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, முன்பைவிட நீளமான ஸ்க்ரூவை முடுக்கினேன். பழைய சுண்ணாம்புச் சுவர், பிடிமானம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது முறை 9-ஆம் அறையில் ஸ்டூல் போட்டு ஏறியபோதுதான் கம்பியின் நடுப்பகுதி துருவேறி வளைந்திருப்பதைப் பார்த்தேன். திரைச்சீலையின் எடைக்கு இரும்புக் கம்பி வளையாது. ஈர வேட்டிக்கும் நனைந்த புடவைக்கும் வளையும்.

எங்கள் லாட்ஜ் கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. 14 அறை. அப்பா நடத்தியது, நான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் நவக்கிரகத் தலங்களுக்குப் போகிறவர்கள். திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறில் முடிப்பவர்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து, ஐந்து மணிக்கு வண்டி ஏறிவிடுவார்கள். நனைந்த துணியை எங்கே உலர்த்துவார்கள் என்று அறை கட்டிய காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. மொட்டைமாடிக் கதவை வாட்ச்மேன் இரவு பூட்டிவிடுவார். மிஞ்சியது திரைச்சீலைக் கம்பிதான்.

அன்று மாலை ரிசப்ஷனில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி எழுதிவைத்தேன்: ‘குளித்தபின் ஈரத்துணியை எங்கே போட்டீர்கள்?’ மூன்று நாளில் பதினேழு பதில் வந்தது. கட்டில் தலைமாடு, ஃபேன் ரெகுலேட்டர், பாத்ரூம் கதவு, டிவி ஸ்டாண்டு, திரைச்சீலைக் கம்பி. ஒருவர் பதிலோடு படமும் போட்டிருந்தார்: பாத்ரூமுக்கு வெளியே, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், மடக்கி வைக்கிற மாதிரி ஒரு கொடி. அதையே செய்தோம். இரண்டு கொக்கி, நைலான் கயிறு, எட்டடி நீளம். ஒரு அறைக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதன்பிறகு இன்றுவரை ஒரு கம்பியும் பெயரவில்லை.

இதைப் பார்த்தபிறகுதான் தங்க வருகிறவர்களிடமும் வேலை செய்கிறவர்களிடமும் முறையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கிரவுட்சோர்சிங் என்று இதற்குப் பெயர். 2006-இல் ஜெஃப் ஹவ் என்பவர் வயர்டு பத்திரிகையில் எழுதிய கட்டுரையால் பரவிய சொல். நம்மூரில் சொல்வதென்றால் ஊர்கூடித் தேர் இழுப்பது. பெரிய ஹோட்டல்களுக்கு இதற்கென்று தனிப் பிரிவு இருக்கலாம். ரிசப்ஷனில் ஒருவர், சுத்தம் செய்ய மூன்று பேர், ஒரு வாட்ச்மேன், நான் என்று இருக்கிற இடத்தில் எப்படிச் செய்வது என்பதற்கு வழிகாட்டியாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. எட்டு மாதமாகச் செய்துபார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன். இதே மாதிரிச் சின்ன லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு நேரடியாக உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் தோற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு யோசனைப் புத்தகம் வருடக்கணக்காக இருந்தது. உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ‘நன்று’, ‘சுத்தமாக உள்ளது’, ‘சேவை தொடர வாழ்த்துகள்’. கையெழுத்துப் போடுகிற நோட்டு மாதிரி ஆகிவிட்டது. எதிரே உரிமையாளர் நிற்கும்போது நம் ஆட்கள் குறை எழுத மாட்டார்கள், அது மரியாதை. அடுத்து க்யூஆர் குறியீடு அச்சடித்து ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டி, போனில் நிரப்புகிற படிவம் வைத்தேன். ஒரு மாதத்தில் நான்கு பேர் நிரப்பினார்கள். விடியற்காலையில் அவசரமாகக் கிளம்புகிற குடும்பம், கையில் தேங்காய் பழத் தட்டோடு நின்று ஏன் போனை நீட்டிப் படிவம் நிரப்பப் போகிறது?

மூன்றாவதாக, சிறந்த யோசனைக்கு 500 ரூபாய் பரிசு என்று அறிவித்தேன். இது தப்பாகவே போனது. சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன விஷயத்தை இன்னொருவர் சீட்டில் எழுதிப் போட்டுவிட, இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பணத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தும் மனக்கசப்பு போகவில்லை. பரிசை நிறுத்திவிட்டு, யார் சொன்ன யோசனை என்பதை மட்டும் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். ‘மடக்குக் கொடி: பெங்களூரிலிருந்து வந்த 6-ஆம் அறை விருந்தினர்.’ அவ்வளவுதான். ஊழியர் என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு பெயரையே போடுவோம். ஐநூறு ரூபாயைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. தன் பெயர் எழுதிய பலகையைக் காட்ட அந்த அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

‘உங்கள் யோசனை என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வராது என்பது இதற்குள் புரிந்துவிட்டது. ஈரத்துணிக் கேள்விக்கு ஏன் பதில் வந்தது? அது யோசனை கேட்கவில்லை, காலையில் நடந்த ஒன்றைக் கேட்டது. ஆகவே வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி, அதுவும் அன்று காலை அவர்கள் கையால் செய்த காரியத்தைப் பற்றி, என்று வைத்துக்கொண்டேன். கேள்வியைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதினோம். தெலுங்குக்குப் போனில் இருக்கிற மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதினேன். மறுநாள் நெல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மா சாக்பீஸ் எடுத்து, இரண்டு எழுத்தை அழித்துத் திருத்திவிட்டுப் போனார். அதிலிருந்து தெலுங்கு வரியை அந்த வாரம் தங்கும் யாராவது ஒருவரிடம் எழுதித் தரச் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்தவர் பதிலும் போடாமல் போவதில்லை.

சரி, வெந்நீர் கதைக்கு வருகிறேன். அதிக நாள் எடுத்ததும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

மொட்டைமாடியில் 500 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர், மழைக்காலத்துக்கு உள்ளேயே மின்சார எலிமெண்ட். ‘சுடுதண்ணி வரலை’ என்று வாரத்துக்கு நாலு புகாராவது வரும். போய்ப் பார்த்தால் தொட்டியில் கைவைக்க முடியாத சூடு இருக்கும். அப்பா காலத்திலிருந்தே இதற்குப் பதில், ‘கொஞ்ச நேரம் திறந்து விடுங்க சார், வரும்.’

ஒரு சார்ட் அட்டையில் லாட்ஜின் இரண்டு மாடியையும் வரைந்து 14 கட்டம் போட்டேன். பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் ஒரு அட்டை சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி மேசையில் வைத்தேன். ‘வெந்நீர் வரத் தாமதமானால் உங்கள் அறைக் கட்டத்தில் ஒரு பொட்டு வையுங்கள்.’ எழுத வேண்டியதில்லை, படிக்கத் தெரிய வேண்டியதுகூட இல்லை. சாவியைக் கொடுக்கிற நேரத்தில் ஒரு விநாடி போதும். குழந்தைகள் ஓடிவந்து ஒட்டினார்கள். (ஒரு பையன் எல்லாக் கட்டத்திலும் ஒட்டிவிட்டான். உரித்தெடுத்தோம். அதிலிருந்து பொட்டு அட்டை ரிசப்ஷன் தம்பி கையில்தான் இருக்கும்.)

பத்தாவது நாள் அட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கீழ்த்தளத்தில் ஒன்றிரண்டு பொட்டு. மேலே பின்பக்கம் 12, 13, 14 மூன்று கட்டமும் சிவந்து கிடந்தன. அட்டையைத் துடைப்பத்தோடு நின்று பார்த்த அக்கா சொன்னார்: “13, 14-ல எப்பவும் ஒரு பக்கெட்டுல பாதி பச்சத்தண்ணி நிக்கும் பாப்பா. தினம் நான்தான் கொட்டுறேன்.” எத்தனை நாளாக என்று கேட்டேன். “நான் வந்ததுலேர்ந்து.” அவர் வேலைக்கு வந்து ஆறு வருடம். தகவல் ஆறு வருடமாகத் தினமும் பாத்ரூம் தரையில் கொட்டப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் அவரைக் கேட்கவில்லை.

டேப் எடுத்து அளந்தேன். தொட்டியிலிருந்து 14-ஆம் அறைக் குழாய் வரை முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப் 32 மீட்டர். அந்தப் பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக வெந்நீர் வருமுன் 8 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் வெளியேற வேண்டும். குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் வருகிறது. இரண்டு நிமிடம். மார்கழிப் பனியில் மொட்டைமாடியில் வெறுமனே கிடக்கும் பைப் வேறு வருகிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மூன்று நிமிடம் என்றே வையுங்கள். விருந்தினர் இரண்டு நிமிடம் பார்ப்பார், பாதி பக்கெட் நிறைந்ததும் வரவில்லை என்று மூடிவிடுவார்.

அடுத்த வாரக் கேள்வியாக இந்தக் கணக்கையே பலகையில் போட்டேன். 32 மீட்டர், 8 லிட்டர், என்ன செய்யலாம்? அறைக்கு ஒரு கீசர் என்று பலர் எழுதினார்கள். அது ஒரு நல்ல வழிதான், ஆனால் விடியற்காலையில் ஒரே நேரத்தில் 14 கீசரை எங்கள் பழைய வயரிங் தாங்காது. அப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் பாய்லர் பராமரிப்பு பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தார்: கடைசி அறையிலிருந்து ஒரு அரை அங்குலத் திரும்பு பைப், தொட்டிக்குக் கீழே போகும் குளிர்நீர் வழியில் சேர வேண்டும். நடுவில் சின்ன சுழற்சி பம்ப். மூன்றரை மணிக்கு பம்ப் ஓடத் தொடங்கினால் வெந்நீர் எந்நேரமும் பைப்புக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், குழாயைத் திறந்தவுடன் வந்துவிடும்.

பம்ப், பைப், கறுப்பு ஃபோம் உறை, டைமர், பிளம்பர் கூலி எல்லாம் சேர்த்துப் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் ஆனது. ஆனால் முதல் வாரம் நிலைமை முன்பைவிட மோசமானது. எல்லா அறையிலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வந்தது. அவர் படத்தில் ஒரு அம்புக்குறி போட்ட முக்கோணம் இருந்தது. அது நான்-ரிட்டர்ன் வால்வு, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது. பிளம்பர் அதைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. அது இல்லாததால் குழாயைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. மேலே உள்ள வெந்நீர் ஒரு வழி, தொட்டியின் அடியில் உள்ள குளிர்ந்த நீர் திரும்பு பைப் வழியாக எதிர்த்திசையில் இன்னொரு வழி. முந்நூறு ரூபாய் வால்வைப் போட்டதும் அது நின்றது.

இன்னொன்றும் திருத்த வேண்டியிருந்தது. தொட்டியில் சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் அடுக்காக நிற்கும். பம்ப் விடாமல் ஓடினால் இரண்டும் கலந்து மொத்தத் தொட்டியும் ஆறிப்போகும். இப்போது பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் நிற்கும்படி டைமரை வைத்திருக்கிறோம், மூன்றரையிலிருந்து ஆறரை வரை. ஃபோம் உறையைக் காக்கைகள் கொத்திப் பிய்த்தன. அதன்மேல் அலுமினிய டேப் சுற்றியபிறகு விட்டுவிட்டன. வெயிலுக்கும் அது நல்லது. புதிய பொட்டு அட்டை வைத்து மறுபடி பத்து நாள் பார்த்தோம். மேல் மாடியின் மூன்று கட்டத்துக்கும் சேர்த்து இரண்டு பொட்டு. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். சொன்னால் நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. அந்த அட்டைகளை மாட்டியபிறகு சீட்டுகள் கண்ணெதிரே பெருகின.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு வாரம் அறைக்கு மல்லிகை வாசனை வேண்டுமா என்று கேட்டோம். பெரும்பாலோர் வேண்டும் என்றார்கள். வாசனைத் திரவம் வைத்த பத்தே நாளில் தலைவலி, மூச்சுத்திணறல் என்று ஐந்து அறைகளிலிருந்து சொன்னார்கள். வேண்டும் என்றவர்கள் ரிசப்ஷனில் ஓய்வாக உட்கார்ந்திருந்தவர்கள். விடியற்காலை கிளம்பியவர்கள் வாக்களிக்கவே இல்லை. கூட்டம் சொன்னது என்று எடுத்துக்கொள்ளும்முன் கூட்டத்தில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். இப்போது சீட்டு வாங்கும் நேரத்தைப் பிரித்துவிட்டோம்: பாதி, விடியற்காலை வாட்ச்மேன் கையில், பாதி, செக்-அவுட்டில்.

எனக்கு அதிகம் கிடைத்தது விருந்தினர்களிடமிருந்து அல்ல, கார் ஓட்டுகிறவர்களிடமிருந்து. லாட்ஜைப் பற்றிய உண்மையை யாரும் லாட்ஜில் பேசுவதில்லை. கார் கிளம்பி தாராசுரம் தாண்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அதை முழுக்கக் கேட்கிறவர் டிரைவர் மட்டும்தான். வாசல் திண்ணையில் டீ வாங்கிக் கொடுத்து, “எங்களப் பத்தி வண்டியில என்ன பேசிக்கிறாங்க அண்ணே?” என்று கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார்கள். இரண்டாவது வாரம் சொன்னார்கள். லிஃப்ட் இல்லை என்பதைவிட, லிஃப்ட் இல்லை என்று முன்பே சொல்லவில்லை என்பதுதான் கோபம். மூட்டுவலிக்காரர்களை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். இதற்குச் செலவே இல்லை. புக்கிங் போனில் “பெரியவங்க யாராவது வர்றாங்களா?” என்று ஒரு கேள்வி சேர்த்தோம். கீழ்த்தளத்து நான்கு அறைகளை மாலை ஆறு மணி வரை அவர்களுக்கென்று நிறுத்திவைக்கிறோம்.

டிரைவர்களையே வைத்து வழித்தட அட்டையும் செய்தோம். ஒன்பது தலத்தையும் ஒரே நாளில் முடிக்க எந்த வரிசை சரி என்று திண்ணைச் சுவரில் எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் அழித்து அழித்து எழுதினார்கள். நண்பகலில் கோயில் நடை சாத்தினால் மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும், எல்லாக் கணக்கும் அதைச் சுற்றித்தான். கடைசியில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டது: திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஐந்தையும் உச்சிக்கு முன் முடிப்பது. நடை சாத்தியிருக்கும் நேரத்தைப் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொண்டு வைத்தீஸ்வரன்கோயில் போய்ச் சேர்வது. பிறகு திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், இரவுக்குள் திருநள்ளாறு. ஒரே ஒரு டிரைவர் மட்டும் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு வரை, அந்த நேரத்துப் பாலாபிஷேகம் பார்க்க வந்தவரைக் காலையிலேயே திருநாகேஸ்வரத்தில் இறக்கி என்ன பயன் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி அட்டை போட்டோம், இரண்டு நாள் பயணமாக. பலர் இன்னொரு இரவு தங்குவது அந்த அட்டையைப் பார்த்துத்தான்.

டிரைவர்கள் தங்களுக்காகக் கேட்டது ஒன்றுதான்: இரவு வண்டியில் மடங்கிப் படுக்காமல் கால் நீட்ட ஒரு இடம், குளிக்க ஒரு குழாய். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “ஷெட்டு போட்டா நாளைக்கு எல்லா வண்டியும் இங்கதான் நிக்கும்மா” என்றார். நிற்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பின்பக்கம் தகரக் கொட்டகையில் மூன்று கட்டில், கொசுவலை, ஃபேன், ஒரு பாத்ரூம். ராத்திரி சரியாகத் தூங்காத டிரைவரோடு ஒரு குடும்பத்தை விடியற்காலையில் அனுப்பிவைப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. அப்பா இப்போது இரவு பத்து மணிக்கு அவரே போய்க் கொசுவர்த்தி வைத்துவிட்டு வருகிறார்.

சாப்பாட்டுப் பொட்டலம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் சமையலறை கிடையாது, சந்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காதான் செய்து தருகிறார். முதலில் சட்னி சாம்பாரோடு கொடுத்தோம், அப்படியே திரும்பி வந்தது. காரணம் கேட்டபோது ஒரு பாட்டி எழுதச் சொல்லி எழுதியிருந்தார்கள்: முதல் கோயிலில் சாமி பார்க்காமல் வாயில் ஒன்றும் வைக்க மாட்டோம், எட்டு மணிக்குப் பிரிக்கும்போது சட்னி கெட்டுவிடுகிறது. அன்றிலிருந்து நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, வாழையிலையில். பொடியில் பூண்டு கிடையாது.

எத்தனை பொட்டலம் என்பது அடுத்த தலைவலி. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் 1907-இல் எழுதிய ஒரு விஷயத்தை முன்பு படித்திருந்தேன். ஒரு கண்காட்சியில் மாட்டின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி. 787 பேர் எழுதிய சீட்டுகளை வரிசைப்படுத்தி நடுவில் வந்த எண்ணை எடுத்தபோது, அது உண்மையான எடைக்கு ஒரு சதவீதத்துக்குள் வந்தது. எங்களிடம் 787 பேர் இல்லை, எழுத வராத வாட்ச்மேனை விட்டால் ஐந்து பேர் இருக்கிறோம். மாலை ஏழு மணிக்கு ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் நாளைக்கு எத்தனை என்று சீட்டில் எழுதுவோம். நடு எண்ணை இட்லிக்கடை அக்காவிடம் சொல்வோம். நான் மட்டும் சொன்ன நாட்களில் பத்துப் பன்னிரண்டு மிஞ்சும். இப்போது மூன்று நான்குக்கு மேல் மிஞ்சுவதில்லை. காட்டாமல் எழுதுவதுதான் இதில் முக்கியம். வாய்விட்டுச் சொன்னால் எல்லோரும் நான் சொல்லும் எண்ணையே சொல்லிவிடுவார்கள்.

நடக்காத யோசனைகளும் பலகையில் இருக்கின்றன, பக்கத்தில் காரணத்தோடு. லிஃப்ட்: இடமில்லை. அறைக்கு ஃப்ரிட்ஜ்: வயரிங் மாற்றியபிறகு. இரவு பன்னிரண்டுக்கு மேல் டீ: வாட்ச்மேனுக்கு ஒரு பிளாஸ்க் வாங்கிப் பார்க்கிறோம். ஒரு சீட்டுக்கும் பதில் இல்லாமல் விடுவதில்லை. ஏழு நாளுக்குள் பதில் எழுத முடியாத கேள்வியை அந்த வாரம் கேட்பதில்லை.

இந்த வாரக் கேள்வி கொஞ்சம் பெரியது. 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அன்று 14 அறையும் எப்படியும் நிரம்பிவிடும். அதனால் அறை எடுக்காதவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம்: ‘நம் வாசலைக் கடந்து குளத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த லாட்ஜ் என்ன செய்யலாம்?’ 1992, 2004, 2016 மூன்று மகாமகத்தையும் இதே தெருவில் பார்த்தவர் எங்கள் வாட்ச்மேன். முதல் சீட்டு அவருடையது. அவருக்கு எழுத வராது, ரிசப்ஷன் தம்பிதான் எழுதினான்: ‘பொம்பளைங்க ஈரத்துணி மாத்த ஒரு மறைவு. கொடிக்கயிறோட.’ பின்பக்கக் கொட்டகையை ஒட்டி எட்டடிக்குப் பத்தடி இடம் இருக்கிறது. நாளைக் காலை டேப் வைத்து அளக்கப்போகிறோம்.